பஸ் கணக்கு

அவுரிகா கர்ப்பக் கணக்கைக் காலண்டரில் போடுவதில்லை, பஸ்ஸில்தான் போடுவாள். ப்ரூட் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மாவட்ட ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக்கு அவள்தான் தலைமை மருத்துவச்சி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்களிடம் "தீட்டு எப்போ நின்னுச்சு?" என்று கேட்டால், திராட்சை அறுவடைக்கு முன்னாலா பின்னாலா என்று கூரையைப் பார்ப்பார்கள். "உன் வீட்டுக்காரர் எப்போ பஸ் ஏறினாரு?" என்று கேட்டால் போதும். தேதி, கிழமை, அன்றைக்குப் பெய்த மழை எல்லாம் கொட்டும். சுற்றுவட்டாரத்து ஆண்களில் பாதிப் பேர் இத்தாலியில் செங்கல் சுமந்தார்கள், மீதிப் பேர் போர்ச்சுகலில். பஸ் சந்தைத் திடலிலிருந்து புறப்படும்போது ஊரே கூடி நின்று வழியனுப்பும். யார் எப்போது போனான், எப்போது வந்தான் என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம். அங்கிருந்து அவுரிகா விரல் மடக்குவாள். அது தப்பியதில்லை. ஸ்கேன் மெஷின் வருஷத்தில் பாதி நாள் பழுதாகிக் கிடக்கிற இடத்தில் வேறு என்னதான் செய்வது. டாக்டர் ருஸ்னாக்கே, "அவுரிகா, பஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்.

ஒலேஸ்யாவுக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டாள். ஒலேஸ்யாவின் கணவன் இலாரியோன் பிப்ரவரிப் பனியில் இத்தாலிக்குப் பஸ் ஏறினான். அவன் அம்மா ஃப்ரோஸா அந்தச் செய்தியைச் சந்தையில் படுத்திருந்த நாயைக்கூட விடாமல் சொல்லி வைத்தாள். நவம்பர் தொடக்கத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒலேஸ்யாவுக்கு இடுப்பு வலி கண்டது. பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் சரியாகப் போயிற்று, நிறைமாதம். வயிறு கொஞ்சம் சிறுத்திருந்தது. "அம்மா குச்சி, புள்ளையும் குச்சியாத்தான் வரும்" என்று அவுரிகா சொன்னாள். மாதம் குறைவு என்று தெரிந்திருந்தால் வலியை நிறுத்த மருந்து கொடுத்து, ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கேதான் குறைமாதக் குழந்தைகளுக்கான சூட்டுப் பெட்டியும் அதைப் பார்க்கத் தெரிந்த டாக்டரும் உண்டு. அப்படி யோசிக்க ஒரு காரணமும் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஆண் குழந்தை பிறந்தது. அழுதது, கை காலை உதறியது, இரண்டரைக் கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவுரிகா சந்தோஷமாகத் துடைத்துக்கொண்டே வந்தவள், பாதத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

நிறைமாதக் குழந்தையின் உள்ளங்காலில் ரேகைகள் குதிகால் வரை ஓடியிருக்கும். இதற்கு விரல்களுக்குக் கீழே சில கோடுகள், அதற்கப்புறம் மழமழவென்று வெறும் தோல். காதை மடக்கிப் பார்த்தாள். மடக்கினது மடக்கினபடியே கிடந்தது, நிமிரவில்லை. தோளைத் தடவினாள். பூனைமயிர் அப்பிக் கிடந்தது. நாலு வாரமாவது குறைகிறது, ஐந்தாகவும் இருக்கலாம்.

அந்த மாதிரிக் குழந்தைகளை அவுரிகாவுக்கு நன்றாகத் தெரியும். ரொம்பக் குறைந்த குழந்தை பொட்டுப்போல இருக்கும், பார்க்கிறவர்கள் பதறிப்போய் ஓடுவார்கள். நாலைந்து வாரம் குறைந்தது நிறைமாதக் குழந்தை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும், ஏமாந்தால் போயிற்று. பால் குடிக்கத் தெம்பிருக்காது, அழவும் தெம்பிருக்காது, தூங்கும். சூடு நிற்காது. மஞ்சள் காமாலை மற்றவற்றைவிட அதிகமாக ஏறும், இறங்குவதற்கும் நாளாகும்.

அவள் ஒலேஸ்யாவைப் பார்த்தாள். ஒலேஸ்யாவும் அவள் கையிலிருந்த பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒலேஸ்யா, கணக்கு சரிதானேம்மா?" என்று அவுரிகா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

ஒலேஸ்யாவின் கழுத்து முதல் காது வரை சிவந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவர் பஸ் ஏறின நாள்தான் உங்களுக்குத் தெரியுமேக்கா. ஒம்பது மாசம் முடிஞ்சுருச்சு."

அவுரிகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். குழந்தை குறைமாதம் என்றால் அது பஸ் போனதற்கு ஒரு மாதம் கழித்து உண்டானது. அப்போது இலாரியோன் இத்தாலியில் இருந்தான். அப்படியானால் இது யாருடையது என்று ஊரே கேட்கும், ஃப்ரோஸா எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்டில் ஒரு நர்ஸ் வராந்தாவில் நின்று, "பஸ்ஸுக்கும் புள்ளைக்கும் ஒத்துப்போகலையே" என்று சிரித்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒருத்தியின் பிரசவம் அது. கிறிஸ்துமஸுக்குப் புருஷன் ஊர் திரும்பினான். அவளுடைய கம்பளியும் பெட்டியும் பனியில் போய் விழுந்தன. அவள் மாஸ்கோவுக்குப் போய்விட்டாள், பிள்ளைகள் இரண்டும் அனாதை விடுதிக்குப் போயின. அந்த இரண்டையும் முதன்முதலாகக் குளிப்பாட்டியவள் அவுரிகாதான். ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்ததை அவள் மறக்கவில்லை. இன்னொரு முறை அது தன் வாயால் நடக்காது என்று அன்றே முடிவு கட்டியிருந்தாள்.

ஆகவே பாதத்தைத் துணியால் மூடினாள். "நல்லா இருக்கான், கவலப்படாத" என்றாள்.

பிரசவ வார்டுக்குள் உறவுக்காரர்களை விடமாட்டார்கள். முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக் கத்த வேண்டியதுதான். மறுநாள் காலையில் ஃப்ரோஸா மறுபடியும் தூக்குப்பாத்திரத்தோடு ஆப்பிள் மரத்தடியில் வந்து நின்றாள்.

"ஏடி, கயித்த விடுடி. கோழிச்சாறு ஆறிப்போகுது."

ஒலேஸ்யா ஜன்னலிலிருந்து கயிற்றை இறக்கினாள். தூக்கு ஆடி ஆடி மேலே வந்தது.

"புள்ள என்ன பண்றான்?"

"தூங்குறான் அத்தை."

"நேத்தும் தூங்குறான்ன, இன்னைக்கும் தூங்குறான்ற. என் இலாரியோன் பொறந்தப்ப ஆஸ்பத்திரி கூரையே பறந்துச்சு, அப்படி ஒரு அழுகை. இது தங்கமான புள்ள. உன்ன மாதிரி இல்ல, வாயில்லாத புள்ள."

முற்றத்தில் நின்ற மற்ற மாமியார்கள் சிரித்தார்கள். ஜன்னலுக்குள் அவுரிகா குழந்தையின் கன்னத்தைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு இழுப்பு இழுக்கும், உடனே கண் சொருகிவிடும். பாலைக் கறக்கச் சொல்லிக் கரண்டியால் புகட்டினாள். தன் வேலை நேரம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் நானே பார்த்துத் தேற்றிவிடுவேன் என்று ஒரு வைராக்கியம் அவளுக்கு. வைராக்கியத்தில் குறைச்சலே இல்லை.

டாக்டர் ருஸ்னாக் சுற்றி வந்தபோது குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் நல்ல டாக்டர்தான். அந்த மாவட்டத்துக்கே குழந்தை டாக்டர் அவர் ஒருவர், எதையும் இரண்டாம் முறை பார்க்க நேரம் இருக்காது.

"காது துணி மாதிரி மடங்குதே. அவுரிகா, பஸ் என்ன சொல்லுது?"

"நெறமாசம் டாக்டர்" என்றாள் அவுரிகா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பன் காதும் இப்படித்தான் தொங்கும்" என்று சேர்த்துக்கொண்டாள். இலாரியோனை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் குழந்தையின் முகத்தில் மஞ்சள் தெரிந்தது. அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்புகிற நாள். மறுநாள் புனித தூமித்ருவின் பண்டிகை, பிள்ளையும் மருமகளும் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஃப்ரோஸா ஒற்றைக்காலில் நின்றாள். குழந்தைக்குப் போட்டுக் கூட்டிப்போகத் துணிமணியோடு வார்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டாள். டாக்டர் குழந்தையின் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"லேசா மஞ்சள். எல்லாத்துக்கும் வர்றதுதான்" என்றார். "கொறமாசமா இருந்தா நம்ம நீல விளக்குல ரெண்டு மூணு நாள் போட்டிருப்பேன், ரத்தமும் எடுத்துப் பாத்திருப்பேன். இது நெறமாசம், தானா எறங்கிரும். என்ன அவுரிகா?"

மஞ்சளை இறக்கும் அந்த நீல விளக்கு பத்தடி தூரத்தில் சும்மா நின்றிருந்தது. ஒரு வார்த்தை போதும். அவுரிகா வாயைத் திறந்தாள். வாசலில் ஃப்ரோஸா நின்றாள். பக்கத்தில் தரை துடைக்கிறவள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம்தான். சொன்னால் அவர் எழுதுவார், எழுதினது ஒலேஸ்யாவின் கிராமத்து நர்ஸுக்குப் போகும், அவள் ஃப்ரோஸாவின் ஞானமகள். ஒலேஸ்யா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவுரிகாவையே பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை என்று அவுரிகா எடுத்துக்கொண்டாள்.

"ஆமா டாக்டர்" என்றாள்.

படிக்கட்டில் ஒலேஸ்யாவின் கையைப் பிடித்து நிறுத்தி, காதுக்குள் சொன்னாள். "ரெண்டு மணிக்கொரு தடவ எழுப்பு. எழுந்துக்கலன்னா துணிய அவுத்து உள்ளங்கால சுரண்டு. குடிக்காட்டிக் கறந்து ஊட்டு. பகல் வெளிச்சத்துல நெறத்தப் பாரு. மஞ்சள் வயித்துக்குக் கீழ எறங்கிச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்காத, இங்க வந்துரு. நான் ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன்."

ஒலேஸ்யா தலையாட்டினாள். ஃப்ரோஸா குழந்தையைத் துணியில் சுருட்டி இறுக்கி, மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

வருகிறேன் என்று சொன்ன நாளில் அவுரிகா போகவில்லை. பண்டிகை மயக்கம் தெளியாத ஓட்டுநர்கள் மினிபஸ்ஸை எடுக்கவில்லை. இருபது கிலோமீட்டர் யாரிடமாவது காரைக் கேட்டுப் போயிருக்கலாம். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்பார்களே என்று தயங்கினாள். அதற்கடுத்த நாள் காலையில் முதல் மினிபஸ்ஸில் போய் இறங்கினாள்.

ஃப்ரோஸா வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாப் பேசு. இந்த மாதிரி ஒரு புள்ளைய நான் பாத்ததே இல்ல. நேத்திலேருந்து மூச்சு விடுற சத்தம்கூட இல்லாமத் தூங்குறான்."

"பால் குடிக்கிறானா?"

"தூங்குற புள்ளைய யாராவது எழுப்புவாங்களா? இவ சும்மா சும்மா எழுப்பப் பாத்தா. நான்தான் கைய ஒடிச்சிருவேன்னேன். பசிச்சா அழாதா?"

ஞானஸ்நானம் ஆகும்வரை யார் கண்ணும் படக் கூடாது என்று அறையின் ஜன்னலில் கனத்த கம்பளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. அடுப்பு கனன்றது. ஒலேஸ்யா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பால் கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது அவளுக்கு.

"வெளிச்சத்துல பாத்தியா?" என்று அவுரிகா கேட்டாள்.

"அத்தை கம்பளத்த எடுக்க விடலக்கா."

அவுரிகா கம்பளத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்து விழுந்தது. ஃப்ரோஸா கத்தினாள். அவுரிகா துணிகளை அவிழ்த்தாள். முகம், மார்பு, வயிறு, தொடை, கோடு இல்லாத அந்த உள்ளங்கால் வரை பூசணிச் சதையின் நிறம். காலைச் சுரண்டினாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே முதுகை வில்லாக வளைத்து, கழுத்தைப் பின்னால் தள்ளி, மெல்லிய கூரான ஒரு குரலில் அழுதது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் இரண்டு முறைதான் கேட்டிருந்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, யாரிடம் கார் இருக்கிறது என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரனின் பழைய காரில் நேரே பெரிய ஊருக்குப் பறந்தார்கள். அவுரிகா குழந்தையைத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வழியெல்லாம் விரல் நுனியால் பாலைச் சொட்டு சொட்டாக வாயில் விட்டாள். வாய் அதை விழுங்கவில்லை, ஓரமாக வழியவிட்டது.

அங்கே குழந்தையின் ரத்தத்தையே எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தார். அவுரிகாவும் ஒலேஸ்யாவும் ஃப்ரோஸாவும் எழுந்து நின்றார்கள்.

"உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சு" என்றார் அவர். "ஆனா மஞ்சள் மூளையத் தொட்டிருச்சு. காது கேக்காதுன்னுதான் நெனைக்கிறேன். உடம்பு இப்படியே விறைப்பாத்தான் இருக்கும். உக்காருவானா, நடப்பானான்னு இப்ப சொல்ல முடியாது. நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல." பிறகு அவர் குரல் கடுத்தது. "இத நெறமாசம்னு எந்தப் புத்திசாலி சொன்னது? அஞ்சு வாரம் கொறவு. எந்த மருத்துவச்சியும் பாதத்தப் பாத்தாலே சொல்லிருவாளே. விளக்குல வச்சுப் பாலக் குழாய்ல குடுத்திருந்தா இன்னைக்கு இவன் மத்த புள்ளைங்க மாதிரி இருந்திருப்பான்."

அவர் போய்விட்டார். ஒலேஸ்யா பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். அவுரிகாவுக்கு உட்காரவும் தோன்றவில்லை.

ஃப்ரோஸா மட்டும் நின்றபடியே விரல்களை மடக்க ஆரம்பித்தாள். உதடுகள் அசைந்தன. மார்ச், ஏப்ரல், மே. ஒரு கை முடிந்து மறு கை வந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து. எதைத் தடுக்க அவுரிகா வாயைப் பொத்தினாளோ அது கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சு வாரம் கொறவுன்னா" என்று ஃப்ரோஸா மெதுவாகத் திரும்பினாள், "என் புள்ள பஸ் ஏறிப் போனப்புறம்ல வருது. ஏடி, இது யாரு புள்ளடி?"

ஒலேஸ்யா நிமிர்ந்தாள். அழுது வீங்கின முகத்தில் பயம் என்பதே இல்லை. களைப்புதான் இருந்தது.

"உங்க புள்ளயோடதுதான் அத்தை. அவர் இத்தாலிக்கே போகல."

"என்னடி உளர்ற?"

"எல்லையிலயே இறக்கி விட்டுட்டாங்க. காகிதம் கள்ளக் காகிதமாம். நீங்க ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க, எந்த மூஞ்சிய வச்சுத் திரும்பி வர்றதுன்னு தலைநகர்லயே இருந்துட்டாரு. கட்டட வேல. மார்ச் மாசம் எல்லாரும் சட்டையில குத்திக்கிற நூல் பூவ விக்கத் தலைநகருக்குப் போறேன்னு போனேனே, அப்ப அவரோடதான் ஒரு வாரம் இருந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு தன் தலையில என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நேத்து போன் போட்டேன். வந்துகிட்டிருக்காரு."

ஃப்ரோஸாவின் மடங்கின விரல்கள் மடங்கினபடியே நின்றன. பிறகு அவளும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள்.

இலாரியோன் சற்று நேரத்தில் வந்துசேர்ந்தான். செருப்பிலும் கால்சட்டை ஓரத்திலும் சிமெண்ட். அம்மாவைப் பார்க்காமல் நேரே கண்ணாடிக் கதவுக்குப் போய், உள்ளே குழாய்களுக்கு நடுவில் கிடந்த மகனைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தான் வாயத் தொறக்காதேன்னேன்" என்று கண்ணாடியிடமே சொன்னான். அவன் காதுகள் பெரியவை, விறைத்து நின்றன, கொஞ்சமும் தொங்கவில்லை.

அவுரிகா அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலேஸ்யா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இது கொறமாசம்னு உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அவுரிகாவிடம் இனித் தெம்பில்லை. "தெரியும்."

"எப்போலேருந்து?"

"பொறந்ததுமே. பாதத்தப் பாத்தேன்."

"நீங்க பாத்தத நானும் பாத்தேன்" என்றாள் ஒலேஸ்யா. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவுரிகாவைக் கொன்றது. "எனக்குக் கணக்கு தெரியும்லக்கா, அஞ்சு வாரம் முன்னாடியே பொறந்துட்டானேன்னு பயந்துகிட்டேதான் கெடந்தேன். நீங்க பாதத்தப் பாத்துட்டு நல்லா இருக்கான்னீங்க. டாக்டர் கேட்டப்பவும் நெறமாசம்னீங்க. வீட்டுக்குப் போறப்ப உங்களையே பாத்தேன், ஏதாவது சொல்வீங்களான்னு. கெடுதல்னா சத்தியமாவது ஒண்ணாவதுன்னு நானே சொல்லிருப்பேன். அவுரிகா அக்காவே ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டேன்."

"உன்னக் காப்பாத்தணும்னுதான்மா சொல்லல."

"எதுலேருந்துக்கா?"

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, குழாயில் கொடுக்கப் பால் வேண்டும், அம்மா வரலாம் என்றாள். ஒலேஸ்யா எழுந்திருக்கவில்லை. அவுரிகாவின் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.